ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டால் வேகம் வருமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் தலையில்தான். இலை எடைச் சீட்டுக்கு ஒரு விண்டோஸ் வி.எம். (நிஜப் பெட்டிக்குள் ஓடும் மாயக் கம்ப்யூட்டர்), கணக்கு மென்பொருளான டேலிக்கு இன்னொன்று, கோப்புகள் வைக்க ஒரு லினக்ஸ். மூன்றும் ஒரே பெட்டியில், விண்டோஸ் மேல் வி.எம்.களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு ஓடின. சாயங்காலம் இலை வண்டிகள் வரிசைகட்டும் நேரம் பார்த்து எடைச் சீட்டுத் திரையில் வட்டம் சுற்றும். "என்ன தம்பி, சீட்டு வருமா வராதா?" என்று வெளியே குரல் கேட்கும்.

இப்போது ஓடுவது ப்ராக்ஸ்மாக்ஸ். விண்டோஸ் இல்லாமல் பெட்டியில் நேராகவே நிறுவி வி.எம்.களை ஓட்டும் மென்பொருள் இது. டெபியன் லினக்ஸ் மேல், லினக்ஸிலேயே இருக்கும் வி.எம். வசதியான கே.வி.எம்.மை வைத்து வியன்னாவில் உருவாக்குகிறார்கள். 2008 முதல் இருக்கிறது, இலவசம். இதே வேலை செய்யும் வி.எம்.வேர் நிறுவனத்தின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.யும் யோசித்தேன். வி.எம்.வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது, 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பை நிறுத்தியது, 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தது. இப்படி வந்து போகிற ஒன்றை நம்பி இலைக் கணக்கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, வேகத்துக்கு வருவோம். இடையில் இருந்த விண்டோஸ் போனதில் கொஞ்சம் லாபம்தான். பெரிய லாபம் டிஸ்க்கை மாற்றியதில் வந்தது. 7200 சுழற்சி ஹார்ட் டிஸ்க் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவைதான் கொடுக்கும். அதை மூன்று வி.எம்.கள் பங்கு போட்டுக்கொள்ளும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.கூட அதே வேலையைப் பல்லாயிரம் தடவை செய்யும். கையில் இருக்கும் காசை பிராசசரில் போடாதீர்கள், டிஸ்க்கில் போடுங்கள்.

அடுத்து விர்ட்ஐஓ, வி.எம். டிஸ்க்கோடு வேகமாகப் பேச உதவும் வழி. டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கஸி என்று தேர்ந்தெடுத்து விண்டோஸ் நிறுவப்போனால், டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். பயப்பட வேண்டாம். விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, 'லோட் டிரைவர்' அழுத்தி, வயோஸ்கஸி ஃபோல்டரில் உங்கள் விண்டோஸ் பதிப்பைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். இதற்குச் சோம்பல்பட்டு பழைய ஐடிஇ வகையிலேயே விட்டுவிட்டு, 'ப்ராக்ஸ்மாக்ஸ் மெதுவு' என்று திட்டுபவர்கள் உண்டு. கூடவே ஐஓ த்ரெட் (டிஸ்க் வேலையைத் தனியாகக் கவனிப்பது), டிஸ்கார்ட் (அழித்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பது) இரண்டையும் டிக் செய்துவிடுங்கள். சி.பி.யு. வகையை 'ஹோஸ்ட்' ஆக்கு, அதாவது நிஜ பிராசசரை அப்படியே வி.எம்.முக்குக் காட்டு, என்று எல்லோரும் சொல்வார்கள். லினக்ஸுக்குச் சரி, புது விண்டோஸில் சில சமயம் வேகம் குறையவும் செய்யும். மாற்றியும் மாற்றாமலும் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

டிஸ்க்கில் தகவலைச் சேமிக்கும் முறைகளில் இசட்.எஃப்.எஸ். நல்ல சரக்குதான். ஆனால் விலை குறைந்த எஸ்.எஸ்.டி.யில், மின்சாரம் போனாலும் தாங்கும் கெப்பாசிட்டர் இல்லாததால், 'எழுதி முடித்துவிட்டுச் சொல்' என்கிற டேட்டாபேஸ் வேலைகளுக்குத் தவழும். ரேமும் கேட்கும். 16 ஜி.பி. பெட்டிக்கு நான் எல்.வி.எம்.-தின் என்ற இன்னொரு முறையைப் போட்டேன், ஸ்னாப்ஷாட்டும் (வி.எம்.மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைப்பது) கிடைக்கிறது.

கேஷ் அமைப்பில் 'ரைட்பேக்' கண்ணுக்கு வேகமாகத் தெரியும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊரில், ஹோஸ்டின், அதாவது நிஜப் பெட்டியின், ரேமில் டிஸ்க்குக்குப் போகக் காத்திருக்கும் தகவல் அப்படியே போய்விடும். டேலி வி.எம்.முக்கு 'நோ கேஷ்' என்றே விட்டிருக்கிறேன். 'அன்சேஃப்' என்ற கேஷ் வகைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். யூபிஎஸ்ஸை யூஎஸ்பியில் இணைத்து, அதைக் கண்காணிக்கும் 'நட்' (நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்) மென்பொருளைப் போட்டு அமைத்தால், பேட்டரி தீருமுன் வி.எம்.களை வரிசையாக மூடிவிடும்.

குறைகளும் உண்டு. உள்ளே நுழையும்போதெல்லாம் 'சந்தா இல்லை' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். காசு கட்டாதவர்கள் என்டர்பிரைஸ் ரெப்போவை (சந்தாதாரர்களுக்கு அப்டேட் வரும் இடம்) அணைத்து, நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்போவைச் சேர்க்காவிட்டால் அப்டேட் பிழை காட்டும். கட்டளைத் திரையைப் பார்த்தாலே அலர்ஜி என்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஒரே ஒரு விண்டோஸ்தான் வேண்டும் என்றால் இதெல்லாம் எதற்கு, நல்ல எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி நேராகவே போட்டுக்கொள்ளுங்கள்.