பத்து, பற்று, பட்டு: பிராற் மென்பொருளோடு ஒரு விடுமுறை

எழுத்துக்கூட்டலைப் பற்றி முதலே சொல்லிவிடுகிறேன். சென்னைப் பிள்ளைகள் இந்த மென்பொருளின் பெயரைப் 'பிராட்' என்றுதான் எழுதுவார்கள். நான் யாழ்ப்பாணத்து இணுவில்காரி. ரீச்சர், ரிக்கற், இன்ரநெற் என்று எழுதிப் பழகிய கை. ஆகவே எனக்கு இது பிராற். வீம்புக்குச் சொல்லவில்லை, இந்த மதிப்புரையில் பாதி அந்த 'ற்' என்ற ஒரு எழுத்தைப் பற்றியதுதான்.

பிராற் (Praat) என்பது பேச்சொலியைப் படமாக்கி அளந்து பார்க்கும் மென்பொருள். ஆம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தில் போல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதியது. 1990களிலிருந்து ஒலியியல் படிக்கிறவர்கள் கையில் இருக்கிறது. சதம் காசு தேவையில்லை. டச்சு மொழியில் பிராற் என்றால் 'கதை'. கதைப் புத்தகத்தின் கதை இல்லை, 'வாயைத் திறந்து கதை' என்கிற கதை. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்கள் கந்தோரையும் கக்கூசையும் எங்கள் நாக்கில் விட்டுப்போனார்கள். இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ஏன் இது தேவைப்பட்டது? களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், ராகமவில், பேச்சும் கேட்டலும் பற்றிய விஞ்ஞானம் படிக்கிறேன். நான்கு வருடப் பட்டம், ஆங்கில மொழிமூலம். ஊரில் இதை விளங்கப்படுத்துவது தனிப் பாடு. 'பேச்சுச் சிகிச்சை' என்று சொன்னால், எங்கள் பக்கம் பேசுவது என்றால் ஏசுவது என்பதால், "அப்ப உங்கட பெரியம்மாவுக்குத்தான் முதல் செய்யவேணும்" என்று பக்கத்து வீட்டு மாமா சிரிக்கிறார். கதைக்கப் பிந்துகிற பிள்ளைகள், திக்குவாய், பாரிசவாதத்தில் சொல் தொலைந்தவர்கள், விழுங்கக் கஷ்டப்படுகிறவர்கள், காது கேளாதவர்கள் என்று நான் அடுக்கி முடிப்பதற்குள் அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிடுவார். கழுத்து நரம்பும் காதுச் சிற்றெலும்பும் மனப்பாடம் செய்கிற அதே வாரத்தில் மொழியியலும் இயற்பியலும் வரும். அந்த இயற்பியலை வெறும் சூத்திரமாக வைத்திருந்தால் எனக்கு ஏறியிருக்காது. பிராற்றில் என் குரலையே பார்த்த பிறகுதான் ஏறியது.

இறக்குவது சுகம். போன் டேற்றாவிலேயே முடிந்துவிட்டது. நிறுவல் சடங்கு எதுவும் இல்லை, கோப்பைத் திறந்தால் வேலை செய்யும். என்னுடைய பழைய, மூச்சு வாங்கும் லப்டொப்பிலும் ஓடுகிறது. ஆனால் திறந்த உடனே இரண்டு யன்னல் வரும், அதிலே ஒன்று வெறும் வெள்ளை. முதல் நாள் எதை அழுத்துவது என்றே தெரியாமல் மூடிவிட்டேன். அந்த வெள்ளை யன்னல் படம் வரைந்து அறிக்கையில் ஒட்டுவதற்கு. தொடக்கத்தில் அதை மூடிவிட்டே வேலை செய்யலாம், ஒன்றும் ஆகாது.

மற்றதில் ஒலிப்பதிவு ஒரு வரி, அதற்கு நீங்கள் எழுதும் குறிப்பு இன்னொரு வரி. இரண்டையும் ஒன்றாகத் தெரிவு செய்து திறந்தால்தான் ஒலிக்குக் கீழே குறிப்பு வரும். இந்த ஒரு வசனத்தை யாராவது எனக்கு முதல் வருடத்தில் சொல்லியிருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும். அப்புறம், இது தானாகச் சேமிக்காது. எண்பது சொல்லுக்குக் குறிப்பு எழுதி, சேமிக்காமல் குளிக்கப் போனேன். லப்டொப்பில் சார்ஜ் இல்லை, ஊரில் கரண்டும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது. இப்போது பத்துச் சொல்லுக்கு ஒரு தரம் சேமிக்கிறேன்.

பிராற்றின் உயிர் அதன் ஸ்பெக்ரோகிராம். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், கருமை கூடினால் அந்த இடத்தில் சக்தி கூட. உயிரெழுத்துகள் கரும்பட்டைகளாகத் தெரியும், அந்தப் பட்டைகள்தான் போர்மன்ற். 'ஈ' சொன்னால் முதல் பட்டை கீழேயும் இரண்டாவது உயரத்திலும் நிற்கும். 'ஆ' சொன்னால் முதலாவது ஏறி இரண்டாவது இறங்கி இரண்டும் கிட்ட வரும். வல்லின மெய் என்றால் வாய் பூட்டியிருக்கிற அந்தக் கணம் வெள்ளை இடைவெளி, பிறகு திறக்கும்போது ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. 'படம்' என்பதிலும் 'பட்டம்' என்பதிலும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒற்று மிகுவதை இலக்கண வகுப்பில் விதியாகப் படித்தோம். இங்கே அது மில்லிசெக்கனாக நிற்கிறது.

ஒரு முக்கியமான கவனம். திறந்தவுடன் படம் 5,000 ஹேர்ட்ஸ் வரைதான் காட்டும். 'ஸ்' ஒலியின் இரைச்சலில் பெரும்பங்கு அதற்கு மேலே இருக்கும். நான் ஒரு நாள் முழுக்க, மைக் பிழை, 'ஸ்' பதியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்வை எல்லையை 10,000க்கு உயர்த்தியதும் மேலே கரும்புகை மாதிரி வந்து நின்றது. உயர் அதிர்வெண் கேளாத ஒருவருக்கு ஏன் முதலில் 'ஸ்' தொலைகிறது என்பதைச் செவிப்புல வரைபடம் பார்த்து விளங்கியதைவிட இதில் நன்றாக விளங்கினேன்.

சரி, அந்த எழுத்துக்கு வருகிறேன்.

ஒரு பயிற்சிக்காக எங்கள் ஒழுங்கையில் உள்ள நாலரை வயதுத் தம்பியின் சொற்களைப் பதிவு செய்தேன், தாய் தகப்பனிடம் எழுத்தில் சம்மதம் வாங்கித்தான். படத்தைக் காட்டுவேன், அவன் பெயர் சொல்லவேண்டும். காகத்தைக் காட்டினேன். "தாகம்" என்றான். நான் எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு மறுபடி படத்தில் விரலை வைத்து "தாகம்" என்றான். கொக்கு 'தொத்து'. அவனுக்குக் ககரம் முழுவதும் முன்னே நழுவித் தகரமாகிறது. அந்த வயதுக்குக் கவனிக்கவேண்டிய விஷயம்தான், குறித்துக்கொண்டேன். அதோடு 'காற்று', 'வெற்றிலை' இரண்டுக்கும் பிழை என்று புள்ளடி போட்டேன். என் கையில் இருந்த சோதனைத் தாள் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தது. அதிலே ற்ற என்பது கடைசியில் ஒரு ரகரம் உருளுகிற ஒலியாகக் குறிக்கப்பட்டிருந்தது. தம்பி அப்படிச் சொல்லவில்லை.

ராகமவில் மூத்த வகுப்புத் தமிழ் அக்கா ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "உன்ர அம்மா எப்பிடிச் சொல்லுறவ?"

உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, காற்று சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை, அங்க பேன் வேலை செய்யேல்லையே?"

அந்த விடுமுறையில் வீட்டார் எல்லோரையும் பிடித்து உட்காரவைத்து மூன்று சொல் சொல்லவைத்தேன்: பத்து, பற்று, பட்டு. யாழ்ப்பாணத்தில் இவை மூன்றும் மூன்று. நாக்கு நுனி பல்லில், பல்லுக்குச் சற்றுப் பின்னால் முரசில் (பல் ஈறில்), பிறகு மேலே வளைந்து. ற்ற எங்களிடம் உருளாது, முரசில் அடைத்துத் திறக்கும். அந்த ஒலி எங்களிடம் ஒரு எழுத்தாக உயிரோடு இருப்பதால்தான் இங்கிலிஷ் ஒலிக்கும் அந்த எழுத்தையே கொடுத்து 'ரிக்கற்' என்று எழுதுகிறோம். பிராற்றில் 'பட்டு' தனியாகப் பிடிபட்டுவிடும். ட்ட வருமுன் அகரத்தின் மூன்றாவது பட்டை கீழே சரியும். பத்துக்கும் பற்றுக்கும் வேறுபாடு அவ்வளவு வெளிச்சம் இல்லை, திறக்கும் கோட்டின் கருமை எந்த உயரத்தில் கூடுகிறது என்று கிட்ட வைத்துப் பார்க்கவேண்டும். அம்மாவுடைய ற்றவும் தம்பியுடைய ற்றவும் ஒரே சாயல். இரண்டு புள்ளடியையும் அழித்தேன். மூன்று வருடமாக 'வழக்கு வேறு, குறைபாடு வேறு' என்று பரீட்சைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த நான்தான் அந்தப் புள்ளடிகளைப் போட்டதும்.

தம்பியின் 'தாகம்' மட்டும் அப்படியே நின்றது. ககரத்துக்குப் பிறகு இரண்டாம் மூன்றாம் பட்டைகள் கிள்ளிப் பிடித்ததுபோல ஒன்றையொன்று நெருங்கித் தொடங்கும். அவனுடையதில் நெருக்கம் இல்லை. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. போர்மன்ற் தேடும் உச்ச எல்லை இயல்பாக 5,500 ஹேர்ட்ஸில் இருக்கும். அது வளர்ந்த பெண்களுக்குப் பொருந்தும். ஆண்களுக்கு 5,000 போதும். சின்னப் பிள்ளையின் தொண்டைக்குழாய் கட்டை, பட்டைகள் அகல அகல விலகி நிற்கும், 8,000 வரைக்கும் உயர்த்தவேண்டி வரும். உயர்த்தாமல் பார்த்தால், போர்மன்ற் இதுதான் என்று பிராற் வைக்கும் சிவப்புப் புள்ளிகள் எறும்பு கலைந்ததுபோல ஓடும். எண் கேட்டால் மட்டும் தயங்காமல் ஒரு எண் தரும். பிராற்றில் எனக்குப் பயம் இதுதான். எந்தக் குப்பையைப் போட்டாலும் பல தசமதானத்தில் விடை சொல்லும்.

யாழ்ப்பாணத்தில் வைத்துப் பதிவு செய்வது பற்றி ஒரு பந்தி எழுதாவிட்டால் மனம் ஆறாது. இணுவில் நாதஸ்வரமும் தவிலும் விளைந்த ஊர். பின்வீட்டில் தவில் சாதகம் தொடங்கினால் என் ஸ்பெக்ரோகிராமில் வேலி நட்டதுபோல வரிவரியாக வரும். திருவிழாக் காலம் என்றால் ஒலிபெருக்கி. அது ஓய்ந்தால் காகம் (தாகம்!). பேனை நிறுத்தினால் ஓகஸ்ட் வெக்கையில் பெரியம்மா எழும்பிப் போய்விடுவார். கடைசியில் கண்ட வழி: விடிய ஐந்து மணி, அம்மம்மாவின் அறை, சேலை அடுக்கிய அலுமாரிக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து, அதற்கு முன்னால் கதிரை. சேலைகள் எதிரொலியை நன்றாகவே குடிக்கின்றன. லப்டொப்பைச் சார்ஜரில் இருந்து கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் முனகல் படத்தின் அடியில் கோடாகக் கிடக்கலாம். மைக் ரவுணில் 4,500 ரூபாவுக்கு வாங்கிய தலையில் மாட்டும் சாதாரண மைக். வாய்க்கு நேரே வைக்காமல் ஓரமாக வைத்தால் பகர மூச்சு அடிக்காது.

குரல் அளக்கிற பகுதிக்கு நான் அரைவாசிப் புள்ளிதான் கொடுப்பேன், அதுவும் பயன்படுத்துகிற எங்களைப் போன்றவர்களின் அவசரத்தால். பெரியம்மா நாற்பது வருடம் கணிதம் படிப்பித்தவர், ஓய்வுக்குப் பிறகும் ஓலைக்கொட்டில் ரியூசன். குரல் கரகரத்துப்போய்விட்டது. 'ஆ' என்று நீட்டிச் சொல்லவைத்து ஜிற்றர், ஷிம்மர் பார்த்தேன். ஒரு அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் நேரம் எவ்வளவு பிசகுகிறது என்பது முதலாவது, உரப்பு எவ்வளவு பிசகுகிறது என்பது இரண்டாவது. போனில் பதிந்தபோது ஒரு எண், மைக்கில் வேறு எண், அதே ஆள், அதே காலை. சுருதிக் கோடும் கரகரப்பு வந்த இடத்தில் பாதிக்கு விழுந்து, 200 ஹேர்ட்ஸ் பெண் 100 ஹேர்ட்ஸ் ஆணாகிவிட்டார். சுருதி எல்லையைத் திருத்தினால் சரியாகும். ஆனால் திருத்தவேண்டும் என்று கண் சொல்லவேண்டும். இந்த எண்ணை வைத்து வீட்டில் யாருக்கும் நோய் என்று சொல்லிவிடாதீர்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவர் குரல்நாண்களைக் கண்ணால் பார்க்கவேண்டும். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பெரிதாக ஒன்றும் இல்லை. குரலுக்கு ஓய்வு, நிறையத் தண்ணீர், ரியூசனுக்கு ஒலிவாங்கி. மூன்றாவதை மட்டும்தான் கேட்டார்.

யாருக்கு இது? இந்தத் துறையில் முதல் வருடம் என்றால் இன்றைக்கே இறக்குங்கள், ஆனால் உங்கள் குரலில் இருந்து தொடங்குங்கள். தமிழ் படிக்கிறவர்களும் எடுக்கலாம், தொல்காப்பியப் பிறப்பியலை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு. பிள்ளை கதைக்கவில்லை என்று கவலைப்படும் தாய் தகப்பனுக்கு இது வேண்டாம். முதலில் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள், அதுதான் எங்கள் துறையின் முதல் கேள்வி. உதவிக்குறிப்புகள் முழுக்க ஆங்கிலம், வறட்டு நடை, ஆனால் பொறுமையாக வாசித்தால் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

பெரியம்மாவுக்குப் படங்களைக் காட்டினேன். போர்மன்ற், ஜிற்றர் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "சரி, என்ர குரலுக்கு எத்தினை புள்ளி?" என்றார். இது புள்ளி போடுகிற சாமான் இல்லை என்று மூன்று தரம் சொன்னேன். விடவில்லை. ஐம்பத்தைந்து என்றேன்.

"'C' தானோ?" என்றுவிட்டு எழும்பிக் குசினிக்குப் போனார்.