மீந்த காய்களுக்கு ஒரு கண்ணாடிப் பாத்திரம்

வார இறுதியில் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் எனக்குக் கிடைப்பது இதுதான்: அரைக் காலிஃபிளவர், இரண்டு கேரட், தோல் சுருங்கத் தொடங்கிய குடைமிளகாய், முதல்நாள் வேகவைத்து மீந்த உருளைக்கிழங்கு. எறிய மனம் வராது. வெள்ளை சாஸில் கலந்து, மேலே சீஸ் தூவி ஓவனில் வைத்துவிடுவேன். பல ஆண்டுகளாக உலோகத் தட்டில் செய்துவந்தேன். இந்த நான்கு மாதங்களாக, இரண்டு லிட்டர் கொள்ளும், சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரத்தில்.

மீந்த காயைப் பேக் செய்யும்போது பாழாக்குவது தண்ணீர். மேலே சீஸ் பொன்னிறமாக மினுங்கும். கரண்டியை விட்டால் அடியில் நீர் தேங்கி நிற்கும். உலோகத் தட்டில் அது பரிமாறும்போதுதான் தெரியவரும். கண்ணாடியில் ஓவன் விளக்கைப் போட்டாலே தெரிந்துவிடுகிறது. முதலில் நீர்த்த வெள்ளையாகத் தெரியும் சாஸ், சின்னச் சின்னக் குமிழிகளாகக் கண்ணாடியை ஒட்டி ஏறும். பிறகு குமிழிகள் தடித்துச் சோம்பலாக வெடிக்கும். விளிம்பில் ஒரு பழுப்புக் கோடு விழும். அந்தக் கோடு நான்கு பக்கமும் சுற்றி வந்ததும் எடுத்துவிடுகிறேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

பச்சைக் காய்களை மட்டும் இன்னமும் பழைய தட்டில்தான் வறுக்கிறேன்: எண்ணெய் பிரட்டி, 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். ஈரம் போகாமல் காய் சிவக்காது. வெந்த உருளையைக் கடைசியில் சேர்த்தால் போதும். 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, 300 மில்லி பால் சேர்த்த சாஸ் இந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது. உலோகத் தட்டுக்கு 190 வைத்த நான் கண்ணாடிக்கு 175 வைக்கிறேன். முதல்முறை குறைக்காமல் விட்டதில் அடி கருகிவிட்டது.

1913-இல் அமெரிக்காவில் பெஸ்ஸி லிட்டில்டன் என்ற பெண்மணி, சூடு தாங்கும் கண்ணாடியால் ஆன மின்கல ஜாடியின் அடிப்பாகத்தை வெட்டி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். இரண்டே ஆண்டுகளில் பைரெக்ஸ் என்ற பெயரில் ஓவனுக்கான கண்ணாடிப் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொரு முறை அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்க்கும்போதும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. கைப்பிடி இல்லை, நிறைந்த பாத்திரத்தைத் தடித்த துணியோடு இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். சூடேறும்போது போரோசிலிகேட், சாதாரணக் கண்ணாடி விரிவடைவதில் மூன்றில் ஒரு பங்கே விரிவடையும் என்றாலும், குளிர்ந்த பாத்திரத்தை நேரே சூடான ஓவனில் வைக்க எனக்குத் துணிவில்லை. வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்கிறேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது மூடியின்மேல்தான். அது பிளாஸ்டிக், ஓவனுக்கு ஆகாது. அந்த எச்சரிக்கையை மூடியிலேயே பொறித்திருக்க வேண்டும். பெட்டியின் அடியில், எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.