வேட்டைப் பயணத்துக்கு எந்தப் பவர் பேங்க்? மூன்றைச் சுமந்து பார்த்தபின் எழுதுவது

ஒன்றும் கிடைக்காத நாளில் பவர் பேங்க் பற்றி யாருக்கும் நினைப்பே வராது. பகல் முழுக்க முகட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் எதிர்ச் சரிவைத் துழாவிக்கொண்டிருப்போம், போன் பைக்குள் தூங்கும், இருட்டுவதற்குள் கூடாரத்துக்கு வந்துவிடுவோம். மிருகம் விழுகிற நாள்தான் கதையே வேறு. அதுவும் எனக்கென்னவோ அந்தி சாயும் நேரத்தில்தான் விழும். அப்புறம் விழுந்த இடத்தைத் தேட வேண்டும், ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் இரண்டு மூன்று மணி நேரம் தோலுரித்துக் கறியைப் பிரிக்க வேண்டும், மேப்பில் இடத்தைக் குறிக்க வேண்டும், முதல் சுமையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் முகாமுக்கு வழி பார்த்து நடக்க வேண்டும், மிச்சத்துக்குத் திரும்பி வர வேண்டும், நடுவில், போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் சேட்டிலைட் கருவியில் வீட்டுக்கு ‘நேரமாகும், பயப்படாதீர்கள்’ என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். நாலு நாள் சிக்கனமாகச் சேர்த்து வைத்த சார்ஜ் அந்த ஒரே ராத்திரியில் கரைந்துவிடும். பவர் பேங்க் வாங்கும்போது அந்த ராத்திரியை மனதில் வைத்து வாங்க வேண்டும், மற்ற நாளுக்கு எதை வாங்கினாலும் ஓடும்.

நான் அப்படி வாங்கவில்லை. முதலில் வாங்கியது மேலே சோலார் தகடு, பக்கத்தில் திசைகாட்டி, தலையில் டார்ச் எல்லாம் ஒட்டிய ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை, அதே சாமான் பத்துப் பெயரில் விற்கிறது. பெட்டியில் 50,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். மூன்றாம் நாள் மாலை மான் விழுந்தது, போனில் 11 சதவீதம், சரி இருக்கவே இருக்கிறதே என்று சொருகினேன். 60 வரை ஏறியது, அதோடு பேங்கில் நாலு விளக்கும் ஒன்றாக அணைந்துவிட்டது. சோலார் தகடு? அடர்ந்த மரங்களுக்கு அடியில் மூன்று நாள் முதுகில் தொங்கியதில் ஒரு புள்ளிகூட ஏறியிருக்காது. முகாமுக்கு வழி கண்டுபிடித்தது அன்றைக்கு மேப் பார்த்து இல்லை, ஓடையின் சத்தத்தைக் கேட்டு.

திரும்பி வந்து முதல் வேலையாக அதைத் தராசில் வைத்தேன். 400 கிராம்கூட இல்லை. ஒரு சாதாரணக் கணக்கு போதும்: 18650 என்கிற உருளை செல், உள்ளதில் நல்லதாக எடுத்தாலும் ஏறக்குறைய 3,500 எம்ஏஎச்தான், எடை 45 முதல் 50 கிராம். 50,000 வேண்டுமென்றால் பதினைந்து செல்லாவது வேண்டும், செல் எடை மட்டுமே 650 கிராமைத் தாண்டிவிடும். அதனால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, முதலில் எடையைப் பாருங்கள். எடை பொய் சொல்லாது. தட்டை செல் வைத்தவை கொஞ்சம் இலேசாக இருக்கும், அதற்காக 400 கிராமுக்கெல்லாம் இறங்கிவிடாது.

எம்ஏஎச் எண்ணிலேயே ஒரு சூது உண்டு, இது நல்ல கம்பெனிகளுக்கும் பொருந்தும். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்வது, அதாவது 37 வாட்-மணி (வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கிய மொத்த ஆற்றல்). வெளியே வருவது 5 வோல்ட்டில், அல்லது அதற்கு மேல். மாற்றும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடும். கடைசியில் 5 வோல்ட்டில் கைக்கு வருவது 6,000 சொச்சம். 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போன் ஒன்று ஏறக்குறைய 19 வாட்-மணி குடிக்கும், ஆக 10,000 பேங்க் அதை ஒன்றரை தடவை நிரப்பினால் அது ஒழுங்கான பேங்க். ‘ரேட்டட் கெப்பாசிட்டி’, அதாவது நிஜமாக வெளியே கிடைக்கும் அளவு, என்று பொடி எழுத்தில் பின்பக்கம் ஒரு எண் இருக்கும் பாருங்கள், நம்ப வேண்டியது அதைத்தான். அது இல்லவே இல்லையென்றால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள்.

என் செலவு இவ்வளவு: போன் ஏரோபிளேன் மோடில், மேப் முன்கூட்டியே இறக்கி வைத்தது, நாளுக்கு நாலைந்து படம், இதற்கு 25 சதவீதம். ஏரோபிளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், இது தெரியாமல் சிக்னல் தேடித் தேடியே போனைச் சாகடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹெட்லேம்ப் சாதாரண நாளில் ஒரு மணி நேரம், மிருகம் விழுந்த நாளில் விடிய விடிய. சேட்டிலைட் கருவி, என்னிடம் இருப்பது கார்மின் இன்ரீச் மினி 2, செய்தி அனுப்பும்போது மட்டும் போட்டு அணைத்தால் வாரம் முழுக்கத் தாங்குகிறது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 8 வாட்-மணிக்குள் முடிகிறது. கருவிகளை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஐந்து நாளுக்கு ஒரு 10,000 பேங்க் நிம்மதியாகப் போதும். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் இரண்டாவது.

இப்போது சுமப்பது நைட்கோர் என்பி10000. 150 கிராம், கார்பன் ஃபைபர் உடல், கைக்குள் அடங்கும், 10,000 அளவில் இதைவிட இலேசான வேறொன்றை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. முதுகில் எல்லாவற்றையும் சுமப்பவனுக்கு இது பெரிய விஷயம், திரும்பும்போது கறியும் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஐபிஎக்ஸ்5 என்று போட்டிருக்கிறது: தண்ணீர் பீச்சினால் தாங்கும், முக்கினால் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எக்ஸ் இருக்கும் இடம் தூசிக்கானது, அதற்கு மதிப்பீடு எதுவும் தரவில்லை என்று பொருள். அதனால் நான் ஒரு ஜிப் கவரில் போட்டுத்தான் வைக்கிறேன்.

இன்னொருவர் கொடுத்து ஒரு பயணம் முழுக்கச் சுமந்தது டார்க் எனர்ஜி பொசைடன் ப்ரோ. 10,200 எம்ஏஎச், ஐபி68 (தூசி புகாது, தண்ணீரில் முக்கினாலும் தாங்கும்), ரப்பர் கவசம் மாட்டியது போல முரட்டு உடம்பு. ஓடையில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டு, சொருகுமிடம் காய்ந்தபின் உபயோகிக்கலாம். படகில் போகிறவர்கள், குதிரையில் போகிறவர்கள், நாளெல்லாம் மழையில் நிற்கிறவர்கள் இதை எடுத்தால் சரி என்பேன். நடந்தே போகிற எனக்கு அந்த எடை தேவைப்படவில்லை. கவர் போட்ட நைட்கோர் இரண்டும் சேர்ந்தாலே 300 கிராம்தான்.

ஏன் இரண்டு, ஒரே 20,000 போதாதா என்று கேட்பார்கள். எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று தண்ணீரில் போனாலோ பட்டன் பைக்குள் அழுந்தித் தானாக இறங்கிவிட்டாலோ எல்லாம் போச்சு. இரண்டாக இருந்தால் ஒன்று உடம்போடு, ஒன்று முகாமில். ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன் என்பதால் எவ்வளவு மிச்சம் என்கிற கணக்கும் எளிது. நாலு புள்ளி விளக்கு வைத்த பேங்கில் ஒரு புள்ளி என்றால் 25 சதவீதமா 3 சதவீதமா என்று கடவுளுக்கே தெரியாது. விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று: 100 வாட்-மணிக்குள் இருந்தால் அனுமதி கேட்க வேண்டாம், ஆனால் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், துப்பாக்கிப் பெட்டியோடு சேர்த்துக் கீழே போடுகிற சாமானில் வைக்கக் கூடாது. 10,000 பேங்க் ஒவ்வொன்றும் 37 வாட்-மணிதான், அந்த எல்லைக்கு வெகு கீழே.

குளிர்தான் ஆளைக் கவிழ்ப்பது. போன பருவத்தில் ஒரு விடியல், கூடாரத்தின் உட்பக்கமே பனி பூத்திருந்தது, விரல் பட்டால் பொடியாக உதிர்கிறது. பேங்கை இரவில் பையின் மேல் ஜிப்பிலேயே விட்டிருந்தேன். எடுத்தால் ஐஸ் கட்டி. சொருகினேன், இரண்டு நிமிடம் ஏறிவிட்டு நின்றது, மறுபடி சொருகினேன், மறுபடி நின்றது. கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு வெந்நீர் போட்டுக் குடித்து முடித்தேன், முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், அப்புறம் சொருகினால் ஒன்றுமே நடக்காதது போல 80 வரை ஏற்றியது. லித்தியம் செல் குளிரில் சார்ஜை இழப்பதில்லை, வெளியே விட மறுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எதிர்த்திசையில் நிஜமாகவே கெடுதல் உண்டு: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகப் பாழாகும். இது பேங்குக்கும் பொருந்தும், போனுக்கும் பொருந்தும். அதனால் ராத்திரி ஸ்லீப்பிங் பேக் உள்ளேயே எல்லாம்: போன், இரண்டு பேங்க், ஹெட்லேம்ப். புரண்டு படுத்தால் விலாவில் குத்தும், பழகிவிடும்.

ஹெட்லேம்புக்கு மட்டும் பேங்கை நம்பாமல் ஒரு மாற்று வைத்திருக்கிறேன். சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் ஏஏஏ பேட்டரி போடும் இலேசான ஒன்று. எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்று அட்டையிலேயே இருக்கிறது. கத்தி கையில் இருக்கும்போது வெளிச்சம் போனால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தவன் இதற்கெல்லாம் கஞ்சத்தனம் பார்க்க மாட்டான். என் இடது கட்டை விரலில் தழும்பு இருக்கிறது.

ஒயர்லெஸ் சார்ஜிங் வேண்டாம், சூடாகவே நிறையப் போகும், காட்டில் அந்த ஆடம்பரம் எதற்கு. தனியாக மடக்கும் சோலார் தகடு பத்துப் பன்னிரண்டு நாள் ஒரே திறந்தவெளி முகாமில் தங்குபவர்களுக்குச் சரி, நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு வெறும் சுமை.

வாட்ச், இயர்பட்ஸ் மாதிரி சின்ன சாமான்கள் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அதைப் பார்த்து ‘எதுவும் மாட்டவில்லை போல’ என்று பல பேங்குகள் தானாக அணைந்துவிடும். நைட்கோரில் இதற்கென்றே குறைந்த மின்னோட்ட மோடு இருக்கிறது. வேறு எது வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். கருவியில் யுஎஸ்பி-சி போர்ட் இருக்கிறது என்பதற்காக எல்லாம் சி கேபிளில் ஏறும் என்றும் நினைக்க வேண்டாம். மலிவான சில ஹெட்லேம்புகளில் அந்த போர்ட்டுக்குள் இருக்க வேண்டிய பொடி ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள், இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் ஏறவே ஏறாது, ஒரு பக்கம் பழைய அகலமான யுஎஸ்பி-ஏ முனை உள்ள கேபிளில்தான் ஏறும். வீட்டிலேயே ஒவ்வொரு கருவியையும் அதே பேங்க், அதே கேபிளில் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிடுங்கள். கேபிள் ஒரு சாண் நீளம் போதும், ஆனால் இரண்டு வேண்டும், பேங்க் சாவதற்குமுன் கேபிள்தான் சாகும்.

போன பருவம் ஆறு இரவு. கடைசி நாள் வண்டிக்குத் திரும்பியபோது முதல் பேங்கிலேயே சார்ஜ் மிச்சம், இரண்டாவது கவரை விட்டு வெளியே வரவே இல்லை. ஆறு நாளும் ஒரு மானும் விழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.