பாண்டி வரலாற்று நடை: எட்டாம் வகுப்பைக் கூட்டிப்போகலாமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பாண்டியில் சிலர் சேர்ந்து நடத்தும் வரலாற்று நடைக்குக் கடலூரிலிருந்து என் எட்டாம் வகுப்பைக் கூட்டிப்போனேன். மோர், சுண்டல் சேர்த்துத் தலைக்கு 150 ரூபாய். ஐரோப்பியர் வருகைப் பாடம் எடுக்கிற ஆசிரியர்கள் சிலர் விசாரித்தார்கள், அதனால் எழுதுகிறேன்.

பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்துப் பக்கம் உட்காரவைத்துக் கதையைத் தொடங்கினார்கள். விளக்கொளியில் ஜொலித்த ஆயியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டார். தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். ஆயி தானே இடித்துவிட்டு, அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாள். இதுவரை யாரும் சொல்வதுதான். அப்புறம் வழிகாட்டி கேட்டார்: "ராயர் இறந்தது 1529. ஆயி பேர்ல இருக்கிற இந்த மண்டபம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. நடுவுல முந்நூறு வருஷத்துக்கு மேல இந்தக் கதையை யார் வச்சிருந்தாங்க?" பதிலை அவர் சொல்லவில்லை. "தண்ணி தூக்குனவங்க" என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி.

சம்பா கோயில் என்கிற மாதா தேவாலயத்தின் பக்கம், பிரெஞ்சு ஆளுநரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1748-ல் பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்ட பகுதியை, மதச் சண்டையாக்காமல் பக்குவமாகவே வாசித்தார்கள். அப்போது பாண்டியை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படை நம்ம தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து கிளம்பியது என்றதும் பசங்களுக்குக் குஷி. குண்டு உப்பலவாடிப் பையன் ஒருவன் தாத்தா கதையை அவிழ்த்துவிட்டான்: கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எங்கே விழுந்ததோ, அதுவரைக்கும் வெள்ளைக்காரனுக்கு. வழிகாட்டி அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. 1690-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி கோட்டையை வாங்கியபோது பீரங்கிக் குண்டு போகிற தூரத்து ஊர்களும் சேர்த்தேதான் கைமாறின என்று எடுத்துச் சொன்னார். பையன் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தவர்கள், கடைசியில் கதை சொல்ல வந்த இருளர் பழங்குடி ஆயா விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். துண்டுப் பிரசுரத்தில் வழிகாட்டிகளுக்குப் படத்தோடு பெயர். ஆயாவுக்குப் 'பழங்குடிக் கதைசொல்லி' மட்டும்தான். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன இருளர் தெய்வம் கன்னியம்மாவை மாசி மகத்தில் மாமல்லபுரம் கரையில் எப்படி அழைப்பார்கள் என்று ஆயா பாடிக் காட்டும்போதே, பஸ் வந்துவிட்டது என்று கைதட்டி முடித்துவிட்டார்கள். போதாக்குறைக்குக் கையில் ஒரு தாள்: 'கன்னியம்மா கதை உண்மையா, கற்பனையா? டிக் செய்க.' ஆயி கதைக்கு இந்தக் கேள்வி இல்லை. பிள்ளையின் நாட்குறிப்புக்கும் இல்லை. தாள்களை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016-ல்தான். அந்த ஒரு வரியையாவது சொல்லியிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். முன்பதிவு செய்யும்போதே ஆயாவை முதலில் வைக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் கேளுங்கள். பக்கத்துப் பிரிவு டீச்சர் கேட்டபோது மாற்றிக் கொடுத்தார்கள். காலை ஏழு மணி நடை நல்லது. பத்துக்கு மேல் வெயில் தாங்காது.