தனி ஸ்டாலா, பாதி ஸ்டாலா?

பண்டிகைக் காலப் பெரிய கண்காட்சியில் கைவினைப் பொருள் விற்க முதன்முறையாகப் போகிறவர்கள் தயங்கி நிற்கும் இடம் இதுதான்: தனி ஸ்டால் எடுப்பதா, இன்னொருவருடன் பகிர்ந்துகொள்வதா?

தனி ஸ்டால் பெரும்பாலும் 10-க்கு 10 அடி இருக்கும். பின்சுவரும் பக்கச் சுவர்களும் முழுக்க உங்களுடையவை. களிமண் கம்மலைக் கண்மட்டத்தில் தொங்கவிட்டு, அதன்மேல் ஒரு விளக்கைத் திருப்பி வையுங்கள், நடந்துபோகிறவர் நின்றுவிடுவார். அதே கம்மல் மேசைமேல் கிடந்தால் கண்ணில்கூடப் படாது. இந்தச் சுவர்களுக்காகவே தனி ஸ்டால் எனக்குப் பிடிக்கும். ஆனால் முழு வாடகையும் உங்கள் தலையில்தான். சரக்கும் நிறைய வேண்டும். முதல் நாள் மாலையே தட்டு காலியானால், இரவெல்லாம் கண்விழித்தாலும் கையால் எத்தனை ஜோடி செய்துவிட முடியும்?

பகிர்ந்தால் வாடகை பாதி. அதைவிடப் பெரிய நன்மை, சாப்பிடப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது. நாள் முழுக்கத் தனியாக நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும். கூட்டாளியை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இருவரும் கம்மல் விற்றால் போட்டிதான் மிஞ்சும். மற்றவர் துணிப்பை விற்றால், பை வாங்க வந்தவர் கம்மலையும் எடுத்துப் பார்ப்பார். கல்லாப்பெட்டி தனித்தனியாக இருக்கட்டும். பகிர அனுமதி உண்டா என்று அமைப்பாளரிடம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். சில கண்காட்சிகள் இதை ஏற்பதில்லை.

முதல் ஆண்டென்றால் பகிருங்கள். கடைசி நாள்வரை தாங்கும் சரக்கு கையில் சேர்ந்த பிறகு தனி ஸ்டாலுக்கு விண்ணப்பிக்கலாம்.