கிருஷ்ணகிரிக் குன்றுகளுக்கு எந்த லென்ஸ்: வைடா, டெலியா?

கூடாரம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் போக முதுகுப்பையில் ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் இடம் மிஞ்சும் என்றால் எதை வைப்பது என்று கேட்டால், மலையும் ஏரியும் எடுக்க, அகன்ற காட்சியை அடக்கும் வைடு ஆங்கிள்தான் என்ற விடையே பெரும்பாலும் வரும். இமயத்தின் அடிவாரத்தில் நின்று, தலைக்கு மேலே ஓங்கி நிற்கும் சிகரத்தை எடுப்பவருக்கு அது பொருந்தலாம். கிருஷ்ணகிரியைச் சுற்றியோ, சமவெளியிலிருந்து சில நூறு மீட்டர் மட்டுமே எழும் பாறைக் குன்றுகள் தனித்தனியாக, இடைவெளி விட்டு நிற்கின்றன. அதனால் 16–35 மி.மீ. வைடு லென்ஸையும் தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 70–200 மி.மீ. டெலி லென்ஸையும் இந்த நிலத்தை வைத்தே ஒப்பிட வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 300 மீட்டர் உயரமுள்ள குன்று 6 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது என்று கொள்வோம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், படத்தைப் பதியும் 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் அந்தக் குன்று ஒரு மில்லிமீட்டர்கூட நிறையாது. அதாவது படத்தின் உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு. அதே இடத்திலிருந்து 200 மி.மீ. லென்ஸில் பார்த்தால் அது 10 மி.மீ. உயரத்துக்கு எழுந்து நிற்கும். ஏறி வந்த களைப்போடு கண் வியந்து பார்த்த மலை, வீட்டுக்கு வந்து திரையில் பார்க்கும்போது கரையான் புற்றளவு சுருங்கிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் உச்சியிலிருந்து தென்மேற்கே கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணையின் நீர்ப்பரப்பைப் பார்க்கும்போது, அந்த நீரையும் அதன் பின்னாலுள்ள குன்றுகளையும் நெருக்கி ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர டெலியால் மட்டுமே முடிகிறது. பின்மலைகள் நெருங்கி வந்ததுபோல் தெரிவது லென்ஸின் மாயம் அன்று. நாம் தொலைவில் நிற்பதால் அமையும் தோற்றமே அது, லென்ஸ் அதை வெட்டி எடுத்துத் தருகிறது.

ஏரிக்கரைக்கு இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. பாரூர் ஏரியின் கரையில் விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன், கேமராவை நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே தாழ்த்தி வைத்து, காலடியிலுள்ள கல்லையும் நீரில் விழும் வானத்தையும் சேர்த்து எடுக்க வைடுக்கு இணை இல்லை. 16 மி.மீ.யில், எஃப்8 துளையில் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் திறப்பின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்), ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் வைத்தால் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும், 200 மி.மீ.யில் அதே தெளிவைப் பெற ஏறத்தாழ 165 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் வைக்க வேண்டும், முன்னால் இருக்கும் கல் கரைந்துபோகும். ஆனால் நீரின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் என்ற வடிகட்டியை மாட்டுபவர் வைடில் கவனமாக இருக்க வேண்டும். சூரியனுக்குச் செங்கோணத் திசையில் மட்டும் வானம் ஆழ்ந்த நீலமாகி, மற்ற இடங்கள் வெளிறி, படத்தின் குறுக்கே திட்டுத்திட்டாகத் தெரியும்.

டெலியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கையில் பிடித்து எடுக்கும்போது 200 மி.மீ.க்குக் குறைந்தது 1/200 நொடி ஷட்டர் வேகம் தேவை என்பது பழைய வழக்கு; உச்சிக் காற்றில் அதுவும் போதாது. கோடையில், தொலைவிலுள்ள மலைக்கும் நமக்கும் இடையே கிடக்கும் தூசிப் புகையை டெலி அப்படியே பெரிதாக்கிக் காட்டும். வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்ட மறுநாள் காலையில் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. எடையைப் பொறுத்தவரை எஃப்4 வகையை எடுத்தால் போதும், எஃப்2.8 வகைகளுள் பல ஒன்றரைக் கிலோவை நெருங்குகின்றன, மலையேற்றத்துக்கு அவை வேண்டாம்.

என் முடிவு டெலியின் பக்கமே சாய்கிறது. பையில் எப்படியும் இருக்கும் கைபேசியின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 மி.மீ. பார்வையைத் தந்துவிடுவதால், ஏரிக்கரைக் காட்சிக்கு அது ஓரளவு ஈடுகொடுக்கும். தொலைமலைக்குக் கைபேசி ஈடுகொடுப்பதில்லை. விலக்கு ஒன்றே ஒன்று: அமாவாசையை ஒட்டி, விண்மீன்களை எடுக்க வத்தல்மலை போன்ற மலையில் இரவு தங்கும் பயணம். 500-ஐ மி.மீ. அளவால் வகுத்தால் விண்மீன்கள் கோடாக இழுபடாமல் எடுக்கக்கூடிய நொடிகள் தோராயமாகக் கிடைக்கும், 16 மி.மீ.க்கு 31 நொடி, 200 மி.மீ.க்கு இரண்டரை நொடி. காப்புக்காட்டுக்குள் செல்லவும் தங்கவும் வனத்துறையின் அனுமதியைப் பெற்றுக்கொண்டு கிளம்பும் அந்த இரவுகளில் மட்டும் டெலியை வீட்டில் வைத்துவிட்டு வைடை எடுத்துச் செல்கிறேன்.