வட்ட வானம் கிடைக்குமா? நீருக்கடிக் குறும்படத்துக்கு கோப்ரோ ஹீரோ 12-உம் 6 அங்குல டோமும்

நீச்சல் குளத்தின் அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தால், வானம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். சுமார் 97 டிகிரி விரியும் அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். குளத்தின் தரை தலைகீழாக அங்கே தொங்கும். வசனமில்லாமல், உடலையும் ஒளியையும் மட்டும் நம்பி நீருக்கடியில் குறும்படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிட வலுவான காட்சி கிடையாது. அதனால் கோப்ரோவின் சிறிய கேமராவான ஹீரோ 12-ஐ முதலில் இதை வைத்தே எடைபோடலாம்.

வெறும் கேமராவுக்கு அந்த வட்டம் முழுசாகக் கிடைக்காது. 10 மீட்டர் வரை உறையில்லாமலே இறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முன்னால் இருப்பது தட்டைக் கண்ணாடி. அதைத் தாண்டும்போது ஒளி வளைவதால், காற்றில் சுமார் 120 டிகிரி பார்க்கும் லென்ஸ் நீருக்குள் 80 டிகிரிதான் பார்க்கும். எவ்வளவு அகலமான லென்ஸானாலும் தட்டைக் கண்ணாடி 97 டிகிரியைத் தாண்ட விடாது. நேர் மேலே பார்த்து எடுத்தால் வட்டத்தின் விளிம்பு, அதாவது வானம் முடிந்து பிரதிபலிப்பு தொடங்கும் அந்தக் கோடு, முழுசாகச் சட்டகத்துக்குள் வரவே வராது. 60 மீட்டர் ஆழத்துக்கான உறையிலும் இதே கதைதான்.

கேமராவுக்கு முன்னால் டோம், அதாவது அரைக்கோள வடிவ ஒளிபுகும் மூடி, போட்டால் கோணம் திரும்பக் கிடைக்கிறது. ஹீரோ 9 முதல் 12 வரை உடல் ஒரே அளவு என்பதால், சென்னை ரிச்சி தெருவில் பழைய மாடலுக்கென்று விற்கும் டோமும் பொருந்தும். அகலமான 16:9 சட்டகத்தில் எடுத்தால் வட்டத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும். கிட்டத்தட்ட சதுரமான 8:7-க்கு மாற்றி, ஆட்டத்தைக் குறைக்கும் ஹைப்பர்ஸ்மூத்தை அணைத்துவிடுங்கள். அது ஓரங்களைத் தின்றுவிடும். 8:7-இல் 5.3கே தெளிவுத்திறனில் நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான். மெதுவாக ஓடும் காட்சி வேண்டுமென்றால் 4கே-க்கு இறங்கினால் 60 கிடைக்கும். கேமரா 1.5 மீட்டர் ஆழத்தில் இருந்தால் மேலே வட்டத்தின் குறுக்களவு சுமார் 3.4 மீட்டர். நடிகர் அதற்குள் மிதந்தால் வானத்தின் மீது கருநிழலாகத் தெரிவார். ஒரு கை அகலம் வெளியே போனாலும் அந்த நிழல் உடைந்துவிடும்.

டோமுக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். முதலாவது ஃபோகஸ். முழு அரைக்கோள டோம் நீருக்குள் தானே ஒரு லென்ஸ்போல வேலை செய்து, தொலைவில் இருப்பதையும் கேமராவுக்கு ஓரடிக்குள் கொண்டுவந்து நிறுத்தும். இந்த கேமராவில் ஃபோகஸைத் திருப்ப வழியில்லை. ஓரடிக்கு அந்தப் பக்கம்தான் தெளிவு. அதனால் படம் முழுவதும் லேசாகக் குழையும். வட்ட வானத்துக்கு அந்தக் குழைவு அழகுதான், முகத்துக்கு உதவாது. முகம், விரல், துணியின் நூல் என்று நெருங்கும் காட்சிகளுக்கு டோமைக் கழற்றிவிட்டு எடுங்கள். அப்போதும் நீருக்குள் பொருள்கள் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகவே லென்ஸுக்குத் தோன்றும். 30 செ.மீ. தெளிவு வேண்டுமானால் உண்மையில் 40 செ.மீ. தள்ளி நில்லுங்கள்.

இரண்டாவது மிதப்பு. 6 அங்குல டோமுக்குள் 850 மில்லிக்குக் குறையாத காற்று இருக்கும். ஏறக்குறைய அதே அளவு கிராம் விசை கேமராவை மேலே தள்ளும். கைப்பிடிக்குக் கீழே ஈயக்குண்டு கட்டாமல் யாராலும் அதை நிதானமாகப் பிடிக்க முடியாது.

ஒளிக்கு வருவோம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். திறந்தவெளிக் குளத்தில் ஒளித் தூண்கள் செங்குத்தாக இறங்குவது அந்த நாள்களில்தான். அதற்காகவே படப்பிடிப்புத் தேதியை மாற்றலாம். அந்த வெயிலில் 1/50 நொடி ஷட்டர் வைக்க, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். கூரையுள்ள குளமென்றால் கவலை வேறு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குத் துடிப்பைத் தடுக்கும் ஆன்டி-ஃபிளிக்கரை 50-க்கு மாற்றி, 25 ஃபிரேமில் 1/50 வையுங்கள். இல்லாவிட்டால் பட்டை பட்டையாகத் துடிக்கும்.

நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடவே கூடாது. நடிகரின் புடவை குறுக்கே போனதும் தண்ணீரின் நிறமே மாறிவிடும். 5500 கெல்வினில் பூட்டுங்கள். சிவப்புதான் முதலில் சாகும் நிறம். சூரிய ஒளி நீருக்குள் இறங்கிய ஆழத்தோடு, நடிகரிடமிருந்து கேமராவுக்குள்ள தூரத்தையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 3 மீட்டருக்குள் இருந்தால் அரக்கு நிறம் ஓரளவு பிழைக்கும். நீல ஓடு பதித்த சுவர் தோலையும் நீலமாக்கும். பின்னால் கறுப்புத் துணி கட்டி, கீழ் ஓரத்தில் எடை வையுங்கள்.

சென்னையில் இந்த டோமைக் கெடுப்பது கசிவைவிட ஆவிதான். ஈரக்காற்றோடு மூடிய டோம் குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளே ஆவி படியும். ஏசி அறையில் அரை மணி நேரம் எல்லாவற்றையும் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் போட்டு, அங்கேயே மூடி எடுத்து வாருங்கள். குளக்கரையில் பேட்டரி மாற்றத் திறந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடி இருந்தாலும் தண்ணீர் வரும். சிலிகான் கிரீஸ் மினுமினுப்பு தெரியுமளவு போதும். அதிகம் தடவினால் தூசியைப் பிடிக்கும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுத்தால், கேமரா இல்லாமல் உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து வாளித் தண்ணீரில் 15 நிமிடம் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முடித்ததும் போர் தண்ணீரில் கழுவாதீர்கள். வெள்ளைத் திட்டு படியும். கேன் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும்.

தொடுதிரை நீருக்குள் வேலை செய்யாது. எல்லா அமைப்பையும் கரையிலேயே முடிக்க வேண்டும். ஒலியைத் தனியாகத்தான் உருவாக்க வேண்டும்.

மூச்சடக்கும் ஒவ்வொரு நடிகருக்கும் கேமரா பக்கமே திரும்பாத ஒரு காவல் நீச்சல்காரர் தேவை. டேக்குக்கு முன் வேகவேகமாக மூச்சிழுப்பதைத் தடுத்துவிடுங்கள். நினைவு தப்புவது அதனால்தான். 230 வோல்ட் விளக்கு எதையும் கரையோரம் கொண்டுவராதீர்கள்.